ஆலைச் சம்பளமும் களப்பு நீரும்

1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் முயற்சியில் உருவாகி, 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது வாழைச்சேனைக் கடதாசி ஆலை. மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, நெல்லும் மீனும் தென்னையுமே வாழ்வாயிருந்த நாட்டில் பெரும் யந்திரத்தொழில் கால்வைத்த வரலாறு அது.

வைக்கோலே ஆலைக்கு மூலப்பொருள். சூடு மிதித்தபின் மாட்டுக்கும் நெருப்புக்கும் போனது விலைபெற்றது. மழையையும் போடியாரையும் நம்பி வயல் செய்தவனுக்கு மாதச் சம்பளம் வந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியையும் தந்தது. போடியாரின் முற்றத்தில் கைகட்டி நின்றவன் தொழிற்சங்கத்தில் நிமிர்ந்து பேசும் உரிமை பெற்றான். சம்பளத்தினும் இதனையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஆனால், வைக்கோலைக் காரத்தில் அவித்தே கூழாக்க வேண்டும். எஞ்சும் கருநீரிலிருந்து அக்காரத்தை மீட்பது எளிதன்று. நெல் வைக்கோலில் மிகுந்துள்ள சிலிக்கா அதற்குப் பகை. ஆலைக் கழிவு களப்பில் கலந்தது. சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத மீனவன் அதன் விலையைக் கொடுத்தான்.

1977க்குப் பின் இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. பின்னர்ப் போர் வந்தது. வயலையும் வலையையும் விட்டு வந்தவனுக்கு ஆலை ஒன்றே முதலாளி. யந்திரம் நின்றால், கடதாசி செய்யப் பழகிய கை நாடிச் செல்ல அயலில் வேறோர் ஆலை இல்லை. நட்டக் கணக்கைக் காட்டித் தொழிலாளியைச் சோம்பேறி என்போர் உளர். யந்திரங்கள் பழசாகும்வரை புதியன வாங்காதிருந்தவன் தொழிலாளியா? கொள்வனவுக் கோவையில் அவன் எந்நாளும் கையொப்பமிட்டதில்லை.