பட்டறை வைத்த பெயரும் நிறுவனம் கொண்டுவந்த பெயரும்: டிராக்டர் கருவிகள், நிலம் திருத்தும் இயந்திரங்களின் வட்டார வழக்கு

டிராக்டரின் பின்னால் மாட்டும் கருவிகளுக்குத் தமிழகத்தில் வட்டாரத்துக்கு ஒரு பெயர் வழங்குகிறது. முள்ளும் புதரும் பிடுங்கி, மேட்டை வெட்டி நிலம் திருத்த வரும் பெரிய இயந்திரங்களுக்கோ குமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை ஏறத்தாழ ஒரே பெயர்தான். உழவு பழையது, தோண்டும் இயந்திரம் புதியது என்று இதற்கு எளிதாக விடை சொல்லிவிடலாம். ஆனால் டிராக்டரும் வெளியிலிருந்து வந்ததுதானே? ஒரு கருவியை ஊர்ப் பட்டறையில் அடிக்கவும் திருத்தவும் முடிகிறதா, அது செய்யும் வேலையை முன்பே ஒரு மாட்டுக் கருவி செய்து வந்ததா என்னும் இரண்டுமே பெயரைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். வயலும் ஆலையும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி இந்த வாதத்தைச் சோதிக்க ஏற்ற களம்.

1. ஒரு கருவி, மூன்று பெயர்

இரும்புச் சட்டத்தில் வளைந்த கால்கள் வரிசையாகப் பொருத்திய கருவியை எடுத்துக்கொள்வோம். பல மாவட்டங்களில் அது ‘அஞ்சு கலப்பை’ அல்லது ‘ஒன்பது கலப்பை’. மாட்டு ஏரில் ஒரு கொழு. ஆகவே ஐந்து கொழு இருந்தால் ஐந்து கலப்பை. இது உழவரின் கணக்கு. மேற்கு மாவட்டங்களில் ‘கொக்கிக் கலப்பை’ என்ற பெயரும் கேட்கிறது. அது கால்களின் வளைவைப் பார்த்து வைத்த பெயர். வேளாண் கையேடுகளில் வரும் ‘கொத்துக் கலப்பை’ செயலைச் சொல்கிறது. எண்ணிக்கை, வடிவம், செயல் என்று அடிப்படை மாறினாலும் மூன்றிலும் ‘கலப்பை’ நிற்கிறது. குழிந்த இரும்புத் தட்டுகள் கொண்டது ‘சட்டிக் கலப்பை’ ஆனதும் இதே வழியில்தான். சேற்றைச் சமன் செய்யும் வேலையை வடக்கே பரம்படிப்பது என்பார்கள். நாஞ்சில் நாட்டில் மரமடிப்பது என்பார்கள். மாடு போய் டிராக்டர் வந்த பிறகும் அந்தந்த வட்டாரம் தன் சொல்லை விடவில்லை.

இதற்கு ஒரு பொறியியல் காரணம் உண்டு. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மேஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. ஹாரி பெர்குசன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பு காலப்போக்கில் எல்லா டிராக்டர்களுக்கும் பொதுவானது. எந்த வண்டியின் பின்னாலும் எந்தக் கலப்பையும் மாட்டலாம் என்றானதும், கலப்பை வண்டியின் நிறுவனத்திலிருந்து விடுபட்டது. சட்டத்தை ஊரிலேயே வெல்டு வைக்கலாம். கொழு தேய்ந்தால் பட்டறையில் தட்டி வாங்கலாம். செய்தவரும் ஓட்டியவரும் பெயர் வைத்தார்கள்.

2. விதிவிலக்குகள் சொல்வது

மண்ணைச் சுழன்று கொத்தும் ரோட்டவேட்டரும் அதே மூன்று புள்ளி இணைப்பில்தான் மாட்டப்படுகிறது. ஆனால் எங்கும் அது ரோட்டவேட்டர்தான். ஆஸ்திரேலியரான ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து பிறந்த கருவி அது. பெயரும் அவருடைய நிறுவனத்தின் வணிகப் பெயரே. பல்சக்கரப் பெட்டியோடு முழுமையாக வந்து இறங்கியதை ஊர்ப் பட்டறை முதலிலிருந்து செய்ய முடியவில்லை. ‘சுழல் கலப்பை’ என்ற நல்ல தமிழ்ப் பெயர் அரசு அறிக்கைகளில் இருந்தும், வாடகை பேசும் இடத்தில் அது வாயில் வருவதில்லை.

கேஜ்வீல் இதற்கு நேர்மாறு. சேற்று வயலுக்கான இந்தக் கூண்டுச் சக்கரத்தைப் பட்டறைகள் தாராளமாக அடிக்கின்றன. பெயர் மட்டும் ஆங்கிலம். முன்பு சேற்றை மிதித்துக் குழப்பியவை மாட்டின் கால்கள். அந்த வேலைக்கென்று சக்கரம் எதுவும் இருந்ததில்லை. பெயரைக் கொடுக்க முன்னோடிக் கருவி இல்லாததால் வந்த பெயரே நிலைத்தது. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால்தான் வட்டாரப் பெயர் பிறக்கும் என்பதை இவ்விரு கருவிகளும் காட்டுகின்றன.

3. ஒரகடத்தின் சான்று

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸானும் உற்பத்தியைத் தொடங்கின. அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்களுக்காக நிலம் திருத்தப்பட்டபோது இங்கே ‘வேலிகாத்தான்’ எனப்படும் சீமைக்கருவேலைத் தூரோடு பெயர்க்க இயந்திரங்கள் வந்தன. முள்ளுக்குக்கூட வடக்கே வேலிகாத்தான், தெற்கே உடை என்று வட்டாரப் பெயர் உண்டு. அதைப் பிடுங்கும் இயந்திரத்துக்கு இல்லை. முன்னும் பின்னும் வேலை செய்யும் டயர் வண்டி ‘ஜேசிபி’; சங்கிலியில் ஓடுவது ‘ஹிட்டாச்சி’; நாளிதழ்களுக்கு இரண்டுமே பெரும்பாலும் ‘பொக்லைன்’. ஜேசிபி, 1979இல் இந்தியாவில் கால்வைத்த ஆங்கில நிறுவனம். பொக்லைன், எல் அண்ட் டி வழியே இங்கு பரவிய பிரெஞ்சுப் பெயர். ஈழத்தமிழர் ஜேசிபி வகை வண்டியைப் ‘பெக்கோ’ என்பது, அங்கே வேறு வழியாக அது வந்ததன் தடயம்.

ஒரகடத்திலேயே மண்வேலை இயந்திரங்கள் செய்யும் கோமட்சு நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. ஆயினும் ‘கோமட்சு’ பொதுப்பெயர் ஆகவில்லை. ஆலை அருகில் இருப்பதால் பெயர் பிறப்பதில்லை. முதலில் பரவலாக வந்து வேலை செய்ததே பெயரைப் பிடித்துக்கொள்கிறது. மணிக்கணக்கு வாடகைக்கு மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் ஓட்டுநர்கள் அந்த ஒரே பெயரை எங்கும் கொண்டுசேர்க்கிறார்கள்.

4. அகராதியின் கடமை

இப்பெயர்களைக் கொச்சை என்று ஒதுக்கி, அலுவலகச் சொற்களால் மாற்றிவிடலாம் என்பாருண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசரை ‘மண் தள்ளும் இயந்திரம்’ என்கிறது. பொருள் தெளிவான பெயர்தான். ஆனால் வாடகைக்குக் கேட்பவர் அறிந்த பெயர் அதன் பக்கத்தில் இல்லையென்றால் துறையின் வாடகைப் பட்டியல் பயன்படாது. திசைச்சொல்லைத் தனி வகையாக ஏற்ற தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு இந்த விலக்கம் அழகல்ல.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962லேயே உழவுத் தொழிற்சொற்களுக்கு மாவட்டவாரியாக அகராதி செய்தார். தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதியும் (1982) பெருமாள்முருகனின் கொங்கு அகராதியும் (2000) தனிமனித உழைப்பில் விளைந்தவை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துக்கு அப்படியொரு தொழிற்சொல் அகராதி உடனே வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் கருவியின் படம், அளவு, மண்வகை, செய்யும் வேலை, வாடகை பேசும் தொடர் ஆகியவை இடம்பெற வேண்டும்; தகவல் தருவோர் வரிசையில் உழவரோடு வெல்டரும் ஓட்டுநரும் இருக்க வேண்டும். வயல் குறையக் குறையக் கொழு தட்டும் வேலை பட்டறைக்கு வராது. வேலை நின்ற இடத்தில் சொல் அதிக நாள் தங்காது. கொழு தட்டிய கைகள் இருக்கும்போதே இந்தப் பணி தொடங்க வேண்டும்.