கிறீன் வைத்தியரின் தமிழ்

முப்பது வருசம் யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை செய்தேன். கிளினிக் கொப்பியில் ‘உயர் குருதியமுக்கம்’ என்று எழுதியிருந்ததை யாரோ வாசித்துக் காட்ட, ஒரு ஆச்சி பதறிக்கொண்டு வந்தா. “பிள்ளை, இது புது வருத்தமோ?” “இல்லை ஆச்சி, உங்கடை பழைய பிரஷர்தான்” என்றேன். ‘நீரிழிவு’ என்றாலும் அதே பாடுதான். ‘சீனி வருத்தம்’ என்றால்தான் முகம் தெளியும்.

இந்தச் சிக்கலை எனக்கு முன்பே ஒருவர் தலையில் சுமந்திருக்கிறார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தார். முதலில் ஆங்கிலத்திலும், 1864 முதல் தமிழிலும் மேலை மருத்துவம் படிப்பித்தார். தமிழில் பாடநூல் இல்லாததால், மாணவர்களின் துணையோடு தானே மொழிபெயர்த்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் கிரேயின் உடற்கூற்று நூலின் மொழிபெயர்ப்பான ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’.

அவர் போன வழி எனக்குப் பிடிக்கும். புண்ணுக்கு நம்மிடம் இருந்த ‘இரணம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். கெமிஸ்ட்ரிக்குத் தமிழ் வால் ஒட்டிவிட்டார்.

அந்தச் சொற்களில் பல இன்று இல்லை. இரண வைத்தியம் போய்ச் சத்திரசிகிச்சை வந்தது. அங்காதிபாதம் போய் உடற்கூற்றியல் வந்தது. ஆனால் ஆச்சியின் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.