உப்புத்தாள் எழுத்தும் முற்றத்துப் பள்ளியும்

குழந்தையை மையமாகக் கொண்ட மழலைக் கல்வி என்பது, ஆசிரியர் எதைக் கற்பிக்க விரும்புகிறார் என்பதிலிருந்து தொடங்காமல், குழந்தை அந்த வயதில் எதைத் தேடுகிறது என்பதிலிருந்து தொடங்கும் கல்விக் கொள்கையாகும். ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரடெரிக் ஃபிரோபெல் தமது பள்ளிக்கு 1840-இல் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டியபோது அது ஐரோப்பாவில் ஓர் இயக்கமாக உருப்பெற்றது; அவருக்குப் பின்வந்த மரியா மாண்டிசோரி அதற்கு மருத்துவரின் கூர்ந்த நோக்கையும் கருவிகளையும் அளித்தார். மாண்டிசோரி முறையின் இந்திய வரலாறு ஒரு முரணைத் தன்னுள் கொண்டது: ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளிடையே பிறந்த அம்முறை, இந்தியாவில் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் நிலைத்தது; அதன் உட்கருத்தோ வேறு பெயரில் சிற்றூர் முற்றங்களைச் சென்றடைந்தது.

1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற மாண்டிசோரி, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்கையில், இட்டார், செகுவேன் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களின் வழியைப் பின்பற்றிப் புலன்களின் வாயிலாக அறிவைத் தூண்டும் கருவிகளைப் பயன்படுத்தினார். ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் கூலித் தொழிலாளர் குடியிருந்த அடுக்குக் கட்டடம் ஒன்றில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த சிறுவர்கள் சுவர்களைப் பாழாக்குவதைக் கண்ட கட்டட நிறுவனம் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாட்டை நாடியது. அதன் விளைவாகவே 1907 ஜனவரி 6 அன்று 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. கல்வி வரலாற்றில் பெரும் திருப்பமாக அமைந்த ஒரு பள்ளி, சுண்ணாம்புச் செலவை மிச்சப்படுத்தும் எண்ணத்திலும் வேர்கொண்டிருந்தது.

அங்கே குழந்தையின் உயரத்துக்கேற்ற மேசைகளும், கைக்கெட்டும் தட்டுகளும் அமைந்தன. குமிழ் பொருத்திய மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் இடும்போது, ஒன்று தவறினாலும் இறுதி உருளைக்கு இடமிராது என்பதால், ஆசிரியர் திருத்தாமலேயே குழந்தை தன் பிழையைத் தானே அறிந்துகொண்டது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, அவற்றின் ஒலியைச் சொல்லிப் பழகிய நான்கைந்து வயதுக் குழந்தைகள், எவரும் வற்புறுத்தாமலேயே எழுதத் தொடங்கினர். விரும்பிய கருவியைத் தேர்ந்தெடுக்கவும், நிறைவடையும்வரை அதைத் திரும்பத் திரும்பக் கையாளவும் குழந்தைக்குத் தரப்பட்ட உரிமையே இம்முறையின் உயிர்நாடி. ஆசிரியரின் பணி சூழலை ஒழுங்குசெய்வதும், கவனிப்பதும், தேவையற்ற இடத்தில் தலையிடாதிருப்பதுமே.

விரலால் எழுத்தைத் தொட்டறியும் பழக்கம் தமிழகத்துக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லியபடியே மணலில் விரலால் எழுதிப் பழகினர். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த மணலெழுத்தையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை வழக்கத்தை ஒத்த ஏற்பாட்டையும் 1797-இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தினார். எனினும் ஒற்றுமை விரலளவிலேயே நின்றது. திண்ணையில் எந்த எழுத்தை எப்போது எழுதுவது என்பதை ஆசிரியரும் அவரது பிரம்பும் முடிவுசெய்தன. குழந்தைகள் இல்லத்தில் அந்த முடிவு குழந்தையிடம் விடப்பட்டது.

மாண்டிசோரி இந்தியாவுக்கு வருவதற்கு வெகு முன்பே அவரது கருத்துகள் இங்கு வந்துவிட்டன. வழக்கறிஞராயிருந்து ஆசிரியராக மாறிய கிஜுபாய் பதேக்கா, 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கி, அம்முறையைக் கதையோடும் நாடகத்தோடும் நாட்டுப்பாடலோடும் இணைத்தார். 'மீசை வைத்த அம்மா' என்று அவரை மக்கள் அழைத்தனர். 1926-இல் அவரும் தாராபாய் மோடக்கும் இணைந்து நூதன் பால சிக்ஷண சங்கத்தை நிறுவினர். வட்டமேசை மாநாட்டுக்காக 1931-இல் இலண்டன் சென்ற காந்தியடிகள், மாண்டிசோரியின் பயிற்சி மாணவர்களிடையே பேசுகையில், இத்தகைய கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் பரம ஏழையின் பிள்ளைக்கும் கிட்டவேண்டும் என்ற விருப்பத்தை வெளியிட்டார். பின்னாளைய வரலாறு முழுவதும் இந்த ஒரு விருப்பத்தைச் சுற்றியே நகர்ந்தது.

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். கிஜுபாய் அதே ஆண்டு ஜூனில் காலமாகிவிட்டதால், இந்தியாவில் அம்முறையை வேரூன்றச் செய்தவர் அதன் மூலவரை இம்மண்ணில் காணவில்லை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் முதல் பயிற்சியில் சேர்ந்தனர். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் உரையாற்ற, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு இருவரையும் எதிரி நாட்டவராகக் கருதி, மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது, மாண்டிசோரியின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு விதித்தது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி மாரியோ விடுவிக்கப்பட்டார்.

சில மாதப் பயணமாகத் திட்டமிடப்பட்டது போரினால் ஏறக்குறைய ஏழாண்டு வாசமாக நீண்டது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியபோது, பல வயதுக் குழந்தைகள் ஒருங்கே பயின்ற சிறு பள்ளியில், மலைச்சரிவின் செடிகளையும் உயிரினங்களையும் துணையாகக் கொண்டு, அண்டத்தின் ஒவ்வொரு பொருளும் மற்றொன்றைச் சார்ந்து நிற்பதை உணர்த்தும் 'அண்டக் கல்வி' என்ற கருத்தை அவர் வளர்த்தெடுத்தார். இப்பணியில் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன துணைநின்றார். முதல் ஆறாண்டுகளில் குழந்தை தன் சூழலை முயற்சியின்றியே தன்வயமாக்கிக்கொள்கிறது என்பதை விளக்கும் 'உள்வாங்கும் மனம்' என்ற அவரது புகழ்பெற்ற நூல், 1949-இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. இந்தியாவில் அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர்.

ஆயினும் கருவிகள் துல்லியமான அளவில் அமையவேண்டும், ஆசிரியர் முறையான பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனைகள் செலவைக் கூட்டியதால், அம்முறை பெரிதும் நகர்ப்புறத் தனியார் பள்ளிகளையே சென்றடைந்தது. இதற்கு மாற்றான பாதையை 1945-இல் மகாராட்டிரத்தின் போர்டி சிற்றூரில் தாராபாய் மோடக் வகுத்தார். தம்பி தங்கையைச் சுமந்தும் மாடு மேய்த்தும் வந்த ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வர இயலாதபோது, பள்ளியே அவர்களிடம் செல்லவேண்டும் எனத் துணிந்த அவர், குடியிருப்புகளின் முற்றத்திலேயே வகுப்பை நடத்தி, அதற்கு முற்றம் என்று பொருள்படும் 'அங்கன்' என்ற சொல்லிலிருந்து அங்கன்வாடி எனப் பெயரிட்டார். விலையுயர்ந்த மரக்கருவிகளின் இடத்தை விதைகளும் இலைகளும் கூழாங்கற்களும் களிமண்ணும் நிரப்பின. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அப்பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது.

பெயர் பரவிய வேகத்தில் கொள்கை பரவவில்லை. பசியும் குழந்தை இறப்பும் மிகுந்திருந்த காலத்தில் உணவும் தடுப்பூசியும் முதலிடம் பெற்றது இயல்பே. இம்மையங்களுக்குத் தமிழகத்தில் வழங்கிய, குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் 'பால்வாடி' என்ற வடநாட்டுச் சொல்லின் முதற்பகுதியைத் தமிழ்ச் செவி பாலாகவே கேட்டதும் இச்சூழலுக்குப் பொருந்தியது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அட்டைகளைக் கையாண்டு முன்னேறும் ஏற்பாட்டின் வாயிலாக, அக்கொள்கையைத் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் தமிழக அரசுப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில், கிண்டர்கார்டனின் கீழ்நிலை, மேல்நிலை வகுப்புகளான எல்கேஜி, யூகேஜி திறக்கப்பட்டபோது, ஃபிரோபெல் சூட்டிய பெயரும் தாராபாய் சூட்டிய பெயரும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. ஆனால் அதற்குள் தோட்டம் என்ற பொருள் மங்கி, எல்கேஜி என்பது ஒன்றாம் வகுப்புக்குக் கீழுள்ள இரண்டாவது படி என்றே பெற்றோரிடையே பொருள்கொள்ளப்பட்டது. சான் லொரென்சோவில் தட்டிலிருந்து தானே ஒரு கருவியை எடுத்த குழந்தைக்கு அப்படியொரு படி இருந்ததே தெரியாது.