படிக்க முடியாத பெட்டி

1880ஆம் ஆண்டு கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டதும், பின்னர்த் தம்மிடமிருந்த பிரதியை அவர் கையில் கொடுத்ததும் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த செய்தி. 1887இல் சிந்தாமணி அச்சேறியது அதன் விளைவு. இதில் நாம் அவ்வளவாகக் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பிரதி அழிந்துபோயிருக்கவில்லை. அதைப் படித்துப் பொருள் சொல்லும் வழிதான் பெரும்பாலும் அறுந்திருந்தது. சமணரிடையே மட்டும் அந்தப் பாடமரபு எஞ்சியிருந்தது. முதலியார் செய்தது, படிக்க முடியாததைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, படிக்க வல்லவரிடம் ஒப்படைத்தது.

ஏறத்தாழ அதே நிலையில் இன்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வேறொரு வகைப் பிரதிகள் கிடக்கின்றன. பழைய டி.டி.பி. நிலையங்களின் பரண்களில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் மேசை இழுப்பறைகளில், நின்றுபோன சிற்றிதழ்களின் அட்டைப்பெட்டிகளில் உள்ள ஃப்ளாப்பிகள், அதாவது நெகிழ்வட்டுகள், அவை.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த அச்சகங்கள் கணினிக்கு மாறின. லாரி அலுவலகங்களின் பில் புத்தகம், ரிக் வண்டிக்காரர்களின் ரசீது, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றுக்கு நடுவேதான் கவிதைத் தொகுதியும் சிற்றிதழும் தட்டச்சாயின. வேலை முடிந்ததும் எல்லாம் ஒரே வட்டில் சேர்ந்தன. 3.5 அங்குல வட்டொன்றின் கொள்ளளவு 1.44 எம்.பி.; படங்கள் இல்லையென்றால் ஒரு நாவல் முழுவதும் அதில் அடங்கும்.

அந்த வட்டை இன்று கணினியில் இட்டால், 'வடிவமைக்கப்படவில்லை, வடிவமைக்கலாமா?' என்று திரை கேட்கும். ஆம் என்று விசையைத் தட்டியவர்கள் இழந்தவை கொஞ்சமல்ல. கணினி சொல்வது 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்பதை மட்டுமே; அழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. படிக்க முடியாமைக்குக் காரணங்கள் மூன்று இடங்களில் இருக்கலாம்: வட்டின் உடல், அதைப் படிக்கும் இயந்திரம், எழுத்தின் குறியீடு. இவற்றைப் பிரித்தறியாமல் 'வட்டு கெட்டுவிட்டது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம்.

முதலில் உடல். நெகிழ்வட்டு என்பது காந்தத்துகள் பூசிய பிளாஸ்டிக் தகடு. ஈரமான மழைக்காலத்தில் அதன்மேல் பூஞ்சை படரும். உறைக்குள் வெண்புள்ளிகள் தெரிந்தால் அப்படியே படிப்பியில் செருகக் கூடாது. பூஞ்சை படிப்பியின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த வட்டையும் கீறிவிடும். உறையைப் பிரித்துத் தகட்டை எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மெல்லத் துடைத்து, நல்ல உறையொன்றுக்குள் மாற்றிவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எதற்கும் முன்னதாகச் செய்யவேண்டியது, எழுத்துத் தடையை இடுவது: 3.5 அங்குல வட்டில் மூலைச் சாளரத்தைத் திறந்துவிட வேண்டும், 5.25 அங்குல வட்டில் பக்கவெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும்.

இரண்டாவது இயந்திரம். இங்கேதான் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வழிவந்த படிப்பிகள் 360 கே.பி. வட்டில் 40 தடங்களை எழுதின. 1984இல் வந்த ஏ.டி. வகையின் 1.2 எம்.பி. படிப்பி 80 தடங்களை எழுதியது. ஆகவே அதன் தலை குறுகியது. பழைய இயந்திரத்தில் எழுதிய வட்டைப் புதியதில் திருத்தினால், அகன்ற தடத்தின் நடுவே குறுகிய தடமொன்று விழும். பழைய எழுத்தின் மிச்சம் இருபுறமும் நிற்கும். பிறகு அதைப் பழைய இயந்திரத்தில் இட்டால் அகன்ற தலை இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். ஓர் ஊரில் தட்டச்சு செய்து இன்னோர் ஊரில் திருத்திய வட்டுகளுக்கு இந்தக் கோளாறு நேர்வது இயல்பு. திருத்திய அதே வகைப் படிப்பி கிடைத்தால் பிழையில்லாமல் திறக்கும். மக்கின்டோஷின் 800 கே.பி. வட்டுகளோ சுழலும் வேகத்தைத் தடத்துக்கேற்ப மாற்றிக்கொள்பவை, சாதாரண பி.சி. படிப்பிக்கு அவை வெற்றுத் தகடுகள். இப்போது கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. படிப்பியும் இவற்றைப் படிக்காது. காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்துகொண்டு பிறகு மென்பொருளால் பொருள்காணும் கிரீஸ்வீசல் போன்ற பலகைகளே இவற்றுக்கு வழி.

வன்தட்டின் கதையும் இத்தகையதே. ஏ.டி. கணினியில் சிறு மின்கலம் ஒன்று, தட்டின் அளவுகளை நினைவில் வைத்திருக்க உதவியது. மின்கலம் தீர்ந்தால் கணினி தன் தட்டையே மறந்துவிடும். சீகேட் எஸ்.டி.225 என்னும் 20 எம்.பி. தட்டுக்கு 615 உருளைகள், 4 தலைகள், தடத்துக்கு 17 துண்டங்கள். இந்த எண்களை மீண்டும் கொடுத்தால் போதும். அதை அறியாமல் தட்டையே புதிதாக வடிவமைத்துக் கொடுத்த பழுதுபார்ப்பவர்கள் உண்டு. மறதி கணினியுடையது, தண்டனை தட்டுக்கு!

நச்சுநிரலும் ஏமாற்றும். லாகூரில் பசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி சகோதரர்கள் 1986இல் எழுதிய 'பிரெய்ன்', 360 கே.பி. வட்டின் தொடக்கத் துண்டத்தில் அமர்ந்து, தான் ஒளிந்த 3 கே.பி. இடத்தைப் பழுதானதென்று குறித்துவைக்கும். சோதனையில் தெரியும் அந்தப் 'பழுது', வட்டின் உடற்குறை அன்று.

மூன்றாவது, குறியீடு. வட்டு திறந்து, கோப்பும் கிடைத்து, திரையில் தலைக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் மட்டும் நிரம்பி வழிவதைக் கண்டவர்கள் பலர். ஓர் எண்மிக்கு 256 இடங்கள். அவற்றில் பாதி ஆங்கிலத்துக்கு. எஞ்சிய இடங்களில் தமிழை ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தம் விருப்பப்படி அடுக்கினர். கனடாவிலிருந்து ஆதமி, மலேசியாவிலிருந்து முரசு, சுவிட்சர்லாந்திலிருந்து மயிலை என ஆர்வலர்கள் அளித்தவை ஒருபுறம். வன்பூட்டுடன் விற்கப்பட்ட டி.டி.பி. மென்பொருள்கள் மறுபுறம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் தரங்கள் வந்தன. இணைய ஆர்வலர்கள் திஸ்கியை வகுத்தார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்குள் இருபத்தைந்து ஆண்டுத் தமிழ் எழுத்து பலவகைப் பூட்டுகளுக்குள் போயிருந்தது.

இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி நம் புத்தக அலமாரியிலேயே இருக்கக்கூடும். அந்தக் கோப்பிலிருந்து அச்சான இதழ் ஒன்று கையிலிருந்தால், ஒரு பக்கத்தைக் கோப்போடு ஒப்பிட்டு எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட்டுவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய எழுத்துருக்கள் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, க, கால் என்று சேமித்தன. யூனிகோடு மெய்யை முதலில் வைக்கும். இந்த வரிசை மாற்றத்தைச் செய்யாவிட்டால் சொல் உடைந்துபோகும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் திஸ்கி நூல்களைப் பின்னாளில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டதற்குக் காரணம், அதைப் பேணுவோர் தொடர்ந்து இருந்ததுதான். தனிமனிதரின் பெட்டிக்கு அத்தகைய காவலர் இல்லை.

அச்சான நூல்கள் எப்படியேனும் மீண்டுவிடும். மறுபதிப்புக்கு இன்னொரு முறை தட்டச்சு செய்துகொள்ளலாம். அச்சேறாதவைதான் கவலைக்குரியவை: பக்கம் போதாமல் ஒதுக்கப்பட்ட கதைகள், இதழாசிரியர்களின் கடிதங்கள், பாதியில் நின்ற வட்டாரச் சொற்பட்டியல்கள். கொங்குப் பேச்சின் எத்தனை சொற்கள் அப்படிக் கிடக்கின்றன என்று எவர் அறிவார்!

காந்தம் நாளுக்குநாள் மங்குகிறது. சோனி நிறுவனம் நெகிழ்வட்டு விற்பனையை 2011இல் நிறுத்திவிட்டது. படிப்பிகளும் அருகி வருகின்றன. ஆகவே அத்தகைய பெட்டி வைத்திருக்கும் நண்பர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போடவேண்டாம். காந்தமுள்ள ஒலிபெருக்கிக்கு அருகிலும் ஓடு வேய்ந்த பரணிலும் வைக்காமல், உலர்ந்த அலமாரியில் வையுங்கள். எந்தக் கணினி, எந்த மென்பொருள், எந்த ஆண்டு என்று நினைவிலிருப்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். திறப்பவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு படிக்க வல்லவர் ஒருவரைத் தேடிக் கொடுங்கள். சேலத்து முன்சீப் செய்ததும் அதுதான்.