பல்கலைக்கழக வகுப்பில் பல இனங்கள்: ஒன்றாக உட்கார்ந்தால் போதுமா?

பொதுப் பல்கலைக்கழகத்தில் சேரும் மலேசிய மாணவர், பொறியியல் எடுத்தாலும் கணக்கியல் எடுத்தாலும், ‘பெங்ஹாயாத்தான் எத்திக்கா டான் பெராடாபான்’ எனும் நெறி, நாகரிகப் பாடத்தைப் படித்தாக வேண்டும். 2019இல் அறிமுகமான இப்பாடத்துக்கு முன்பு, ‘தீத்தாஸ்’ எனப்பட்ட இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடமும் இன உறவுப் பாடமும் தனித்தனியாக இருந்தன.

இன உறவுப் பாடத்தின் தொடக்கத்தை நம்மவர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 2006இல் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் வழிகாட்டி நூல், 2001 கம்போங் மேடான் கலவரத்தைப் பற்றி எழுதியிருந்த விதம் இந்தியர்களிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அமைச்சரவை தலையிட்டு நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் புதிய பாடநூல் 2007இல் வெளிவந்தது. ஒற்றுமையை வளர்க்க வந்த நூலே மனத்தாங்கலுக்குக் காரணமானது என்றால், இதைக் கற்பிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பது புரியும்.

பாடநூலைவிட முக்கியமானது வகுப்பு நடக்கும் விதம். “நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள்” என்று விரிவுரையாளர் சொன்னால், மலாய் மாணவர்கள் ஒரு பக்கம், சீன மாணவர்கள் ஒரு பக்கம், இந்தியர் நால்வர் ஒரு மூலை. யாரையும் குறை சொல்ல முடியாது. தெரிந்த முகத்தைத் தேடுவது இயல்பு.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைப் பற்றி எழுதினார். வெவ்வேறு இனத்தவர் சந்தித்துக்கொண்டால் மட்டும் தப்பெண்ணம் குறையாது. சம மதிப்பு, பொது இலக்கு, சேர்ந்து உழைப்பது, நிர்வாகத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்த முறைகளில் பெயர் பெற்றது ‘ஜிக்சா’. கறுப்பின, வெள்ளையின, ஹிஸ்பானியப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்த டெக்சஸ் ஆஸ்டின் பள்ளிகளில், 1971இல் எலியட் ஆரன்சன் அதை உருவாக்கினார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப் பாடத்தையும் அறிய முடியாது.

நம் நாட்டு ரப்பர் வரலாற்றை இப்படி நடத்திப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளர், மலாய் சிறு தோட்டக்காரர், சீன வியாபாரி, வெள்ளைக்காரக் கம்பெனி என நான்கு துண்டுகள். தோட்டத் தொழிலாளர் பகுதியைத் தமிழ் மாணவரிடமே கொடுத்துவிடக் கூடாது என்பது என் கருத்து. எப்போதும் தன் இனத்தின் பிரதிநிதியாகவே பேச வைப்பதும் ஒரு சுமைதான். மலாய் மாணவி பால்மரம் வெட்டியவர்களின் லயத்து வாழ்க்கையைப் படித்துச் சொல்லட்டும். தமிழ் மாணவர் சிறு தோட்டக்காரரைப் பற்றிச் சொல்லட்டும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த சிலருக்கு மலாயில் உடனே வாய் திறக்கத் தயக்கம் இருக்கும். அவர்கள் பேசாமல் இருந்தால், தெரியாததால் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். பேசுவதற்கு முன் இரண்டு நிமிடம் எழுதிக்கொள்ள விட்டால் போதும், நிலைமை மாறும்.

பெயர் விஷயமும் உண்டு. மோனாஷ் (1998), நாட்டிங்ஹாம் (2000) போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகள் இங்கு இயங்குகின்றன. நம் வழக்கம் அறியாத விரிவுரையாளர் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’க்குப் பின் வருவதைக் குடும்பப் பெயர் என்று எண்ணி, பிள்ளையை அப்பாவின் பெயரால் கூப்பிடக்கூடும். முதல் வாரத்திலேயே, “அது என் தந்தை பெயர், என்னை இப்படிக் கூப்பிடுங்கள்” என்று மாணவர் சொல்லிவிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.