ஜாப் ஒர்க்: திருப்பூர் பனியன் தொழிலின் கூலிக் கணக்கு

சிறு முதலாளி ஒருவர், தொழிலுக்கு வேண்டிய இயந்திரங்களை எல்லாம் வாங்கிப் போடாமலும், ஆட்களை எல்லாம் நிரந்தரமாக அமர்த்திக்கொள்ளாமலும், ஆர்டர் வரும்போது மட்டும் அந்தந்த வேலையில் தேர்ந்த வெளியாரிடம் கூலிக்குக் கொடுத்து முடித்து வாங்கும் முறை ஆழமாக வேரூன்றிய ஊர் திருப்பூர். அங்கு ஜாப் ஒர்க் என்று வழங்கும் இம்முறையில் பொருள் கைமாறினாலும் உடைமை மாறுவதில்லை. நூலும் துணியும் கொடுத்தவருடையவையாகவே இருக்க, வாங்கிச் செய்பவர் தம் உழைப்புக்கும் இயந்திரத்துக்கும் உரிய கூலியை மட்டும் பெறுகிறார். வியாபாரி பாவும் ஊடையும் கொடுக்க, நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து கூலி பெறும் கைத்தறி வழக்கம் இதற்கு முன்னோடி. ஆனால் ஒரே பொருளின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனித் தொழிலாகப் பிரித்து, ஓர் ஊர் முழுவதையும் ஒரே ஆலையைப் போல இயங்கச் செய்தது பனியன் தொழில்தான்.

1920-களில் திருப்பூரில் பனியன் பின்னுதல் தொடங்கியபோது அவ்வாறு இல்லை. கையால் சுற்றும் வட்டப் பின்னல் இயந்திரங்களோடு தொடங்கிய பட்டறைகள், 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கோவை வட்டாரத்தில் பரவிய பின்னர் வளர்ந்து, பின்னுதல் முதல் தையல் வரை ஒரே கூரையின் கீழ் நடத்தும் கம்பெனிகளாயின. ஒரே இடத்தில் கூடிய தொழிலாளர்களிடையே வலுவான சங்கங்களும் உருவாயின. பஞ்சப்படிக்காக 1984-இல் 127 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தம் அவற்றின் வலிமைக்குச் சான்று. தையலை ஒப்பந்தக்காரரிடம் விடும் பழக்கம் அதற்கு முன்பே நுழைந்திருந்தது என்றாலும், 1980-களில் ஏற்றுமதி பெருகியபோது வேலையை ஊரெங்கும் சிதறவிடும் போக்கு விரைவு பெற்றதற்கு அந்த வேலைநிறுத்தம் விட்டுச்சென்ற கசப்பும் ஒரு காரணம் என்று கொள்வதே பொருத்தம்.

ஒரு டி-சர்ட்டின் பயணத்தைப் பார்த்தால் இந்தப் பிரிவினை விளங்கும். ஏற்றுமதியாளர் வாங்கிய நூல் முதலில் நிட்டிங் யூனிட்டுக்குப் போகிறது. அங்கே கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு அது துணியாகிறது. கோரா எனப்படும் அந்த வெளுக்காத துணி உருளை, எடையும் அகலமும் குறித்த டெலிவரி சலானோடு சாயப்பட்டறைக்குச் செல்கிறது. சாயக்கூலியும் கிலோ கணக்கே. துணி பின்னர் சுருங்குவதைக் குறைக்கும் காம்பாக்டிங் யூனிட்டைக் கடந்து வெட்டுமேசைக்கு வந்து, பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ மீண்டும் வெளியே போகிறது. எம்பிராய்டரியின் கூலி துணியின் எடையையோ அளவையோ பொறுத்ததன்று. ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவது. உள்நாட்டுச் சந்தைக்கான பனியன், ஜட்டிகளைத் தைக்கும் பவர் டேபிள் யூனிட்டுகளின் கணக்கோ டஜனில் நடக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் துணி எடை போடப்பட்டு, அனுமதித்த சேதாரத்துக்கு மேல் குறைந்தால் அது கூலியில் பிடிக்கப்படுகிறது. நூல் மீதம் வெட்டிப் பிசிறு நீக்கும் கடைசி வேலை பல வீடுகளின் திண்ணைகளில் பெண்களால் செய்யப்படுகிறது.

இந்த அலைச்சலால் முதலாளிக்கு என்ன மிச்சம்? கணக்கியலார் நிலைச்செலவு என்பது, உற்பத்தி நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டிய வட்டி, வாடகை, சம்பளம் முதலியவற்றை. மாறும் செலவு என்பது உற்பத்தியோடு கூடிக் குறைவது. ஜாப் ஒர்க் முன்னதைப் பின்னதாக மாற்றியது. திருப்பூர் ஏற்றுமதியின் பெரும்பகுதி ஐரோப்பியக் கோடைக்கான பருத்தி ஆடைகளாக இருந்ததால், சில மாதங்கள் இரவு பகலாக ஓடிய இயந்திரம் மற்ற மாதங்களில் ஓய்ந்து நிற்கும். மாதத்தில் பத்து நாள் வேலை மட்டுமே தரக்கூடிய மூவர் தனித்தனியே மூன்று இயந்திரங்கள் வாங்கினால், மூன்றும் இருபது நாள் சும்மா நிற்கும். மூவரும் ஒரே நிட்டிங் யூனிட்டுக்கு வேலை கொடுத்தால் ஒரே இயந்திரம் மாதம் முழுவதும் ஓடும். இது எவர் தலையிலும் ஏறாமல் மெய்யாகவே கிடைத்த சேமிப்பு. இதற்கு மேல், கூலிப் பணம் வாரங்கள் கழித்தே தரப்படுவதால், ஜாப் ஒர்க் செய்பவர் தம்மை அறியாமலே ஏற்றுமதியாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவரானார்.

சட்டமும் சிறிதாக இருப்பதற்குச் சலுகை அளித்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை பயன்படுத்தும் இடங்களில் பத்துப் பேரோ அதற்கு மேலோ, 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால்தான் பொருந்தின. பின்னலாடை சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், 1985-இல் 35 லட்ச ரூபாயாக இருந்த இயந்திர முதலீட்டு உச்சவரம்பைத் தாண்டாமல் வளர விரும்பியவர், குடும்பத்தினர் பெயர்களில் புதுப்புது யூனிட்டுகளைத் தொடங்கினார். பமீலா காதோர்ன் இவ்வூரை ஆராய்ந்து எழுதியபோது, பிளந்து பிளந்து பெருகும் இந்த இயல்பை அமீபாவோடு ஒப்பிட்டது இதனால்தான்.

இம்முறையின் மிகப் பெரிய கொடை, கையில் முதல் இல்லாதவரும் முதலாளியாக முடிந்தது. 2004-இல் வெளிவந்த தம் நூலில் சரத் சாரி காட்டுவது போல, சிற்றூர் விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளராக வந்த கவுண்டர்கள் பலர், வேலையும் உறவும் தந்த நம்பிக்கையை மூலதனமாக்கி உரிமையாளர்களாயினர். இரண்டு தையல் இயந்திரமும் ஒருவரின் ஆர்டரும் போதும் என்ற நிலை, இந்தியாவின் வேறு பல தொழில் நகரங்களில் எளிதில் வாய்க்காத ஒன்று. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று.

எனினும் சேமிப்பின் மற்றொரு பகுதி மறையவில்லை, இடம் மாறியது. சாயக்கூலியைக் கிலோவுக்குப் பேரம் பேசிக் குறைத்த பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. கீழ்ப்பகுதி ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் பட்டறைகள் இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. சாயமிடத் துணி வெளியூர்களுக்கு லாரியேறியது. மீண்டும் திறந்த பட்டறைகளின் சாயக்கூலியில், நீரைச் சுத்திகரித்து உப்பைப் பிரிக்கும் செலவும் சேர்ந்தது.

தையல்காரரின் கணக்கு அப்படித் தீரவில்லை. கம்பெனிக்குள்ளேயே ஒப்பந்தக்காரர் ஒருவர் பீஸ் ரேட் பேசித் தம் ஆட்களைக் கொண்டுவந்து தைத்துக் கொடுக்கும் முறையில், கைவேகம் உள்ளவர் ஷிப்ட் சம்பளத்தை விட அதிகம் ஈட்டுவது உண்மை. விரும்பியே பீஸ் ரேட்டுக்கு வருபவர்களும் உண்டு. ஆர்டர் குவியும்போது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் உழைத்துச் சனிக்கிழமை கூலி வாங்குபவருக்கு, ஆர்டர் நின்ற வாரத்தில் அந்தச் சனிக்கிழமையே இல்லை. உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கையெழுத்திடும் சம்பள ஒப்பந்தம் தையல், கட்டிங், அயர்னிங், செக்கிங் என்று ஒவ்வொரு வகைக்கும் ஷிப்ட் கூலியை வரையறுக்கிறது. ஒப்பந்தக்காரரின் கீழ் கம்பெனி மாறி மாறித் தைப்பவருக்கு, நடைமுறையில், ஒப்பந்தக்காரர் பேசி வந்த ரேட்தான் சம்பளம்.