கடல் கடந்த முடியும் குடிகளின் குரலும்

குடியேற்ற நாடுகள் தம் தாய்நாட்டு முடியாட்சியை எதிர்த்து விடுதலை பெற்ற வரலாற்றில் வட அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சி முதன்மை இடம் பெறுகிறது. 1776 ஜூலையில் விடுதலைச் சாற்றுரையை ஏற்ற 13 குடியேற்றங்களும் வறுமையால் நலிந்தவை அல்ல. அங்கு வாழ்ந்த வெள்ளையர், இங்கிலாந்து மக்களைவிடக் குறைவாகவே வரி செலுத்தினர். அவர்தம் சட்டமும், பெரும்பான்மையோர் பேசிய மொழியும் இங்கிலாந்திலிருந்து வந்தவையே. அங்ஙனமாயின் அவர்கள் கிளர்ந்தெழுந்தது ஏன்? தேயிலை வரி என்று கூறும் பாடநூல் விடை இவ்வினாவுக்குப் போதாது.

தன்னாட்சிப் பழக்கம்

1607இல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் தோன்றியது. 1619இல் வர்ஜீனியாவில் மக்கள் சார்பாளர் அவை கூடியது. லண்டனிலிருந்து ஓர் ஆணை வந்து சேரப் பல வாரக் கடற்பயணம் வேண்டியிருந்த காலம் அது. ஆளுநர்கள் பலர் மன்னரால் அமர்த்தப்பட்டனர். எனினும் வரி விதிக்கும் உரிமை உள்ளூர் அவைகளிடமே இருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நிலவிய இவ்வழக்கம் உரிமையாகவே வேரூன்றிவிட்டது. மன்னர் தொலைவில் இருந்தவரை அவர்மீது பற்றுக் கொள்வதில் குடியேறியோர்க்குத் தடையேதும் இல்லை. அவருடைய ஆட்சி நெருங்கி வந்தபோதே முரண்பாடு பிறந்தது.

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரித்தானியா பிரான்சை வென்றது. ஆனால் அதன் கடன் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவில் ஒரு பகுதியைக் குடியேற்றங்களே ஏற்கவேண்டும் என நாடாளுமன்றம் கருதியது. 1763ஆம் ஆண்டு அரசாணை அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறுவதைத் தடுத்தது. நிலவேட்கை கொண்டோர்க்கு இது பெருங்குறையாயிற்று.

தாளின்மீது வரி

1765இல் இயற்றப்பட்ட முத்திரைத்தாள் சட்டம் செய்தித்தாள், துண்டுநூல், பஞ்சாங்கம், ஒப்பந்தப் பத்திரம், சீட்டுக்கட்டு ஆகியவற்றின்மீது வரி விதித்தது. அச்சகத்தாரும் வழக்குரைஞரும் இதனால் முதலில் தாக்குண்டனர். எழுத்தைத் தொழிலாகக் கொண்டோரைப் பகைத்துக்கொண்ட அரசு, தன்னை எதிர்க்கும் எழுத்தையும் தானே தூண்டிவிட்டது எனலாம். தம் சார்பாளர் எவரும் இல்லாத அவை தம்மீது வரி விதித்தல் முறையன்று என்னும் வாதம் எங்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர் நியூயார்க்கில் கூடினர். 1766இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும், குடியேற்றங்களுக்கு எல்லா வகையிலும் சட்டம் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என நாடாளுமன்றம் உடன் அறிவித்துவிட்டது. ஆகவே, வரி நீங்கியும் வழக்குத் தீரவில்லை.

இப்பின்னணியில்தான் தேயிலைச் சிக்கலை நோக்கவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1772இல் பெரும் பணமுடைக்கு ஆளானது. அதன் ஆட்சியின்கீழ் இருந்த வங்காளத்தை 1770ஆம் ஆண்டுப் பஞ்சம் சூறையாடியிருந்தது. லண்டன் கிடங்குகளில் விற்பனையாகாத சீனத் தேயிலை குவிந்து கிடந்தது. கம்பெனியைக் காக்க 1773இல் வந்த சட்டம், அமெரிக்காவில் தேயிலை விலையைக் குறைக்கவே வழிசெய்தது. இருந்தும் மக்கள் எதிர்த்தனர். மலிவான தேயிலையை வாங்கினால், அதன்மீதிருந்த சிறு வரியையும், அதனை விதித்த அவையின் உரிமையையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதே காரணம். டிசம்பர் 16ஆம் நாள் இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. அடுத்த ஆண்டு அத்துறைமுகம் மூடப்பட்டது. மாசசூசெட்சின் தன்னாட்சியும் ஒடுக்கப்பட்டது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் போர் மூண்டது.

மன்னர்மீதிருந்த நம்பிக்கை

போர் தொடங்கிய பின்னரும் பலர் மன்னரைக் குறைகூறவில்லை. பழி நாடாளுமன்றத்தையும் அமைச்சரையுமே சாரும் என எண்ணினர். 1775 ஜூலையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே அமைதி வேண்டி ஒரு முறையீடு விடுத்தனர். மன்னர் அதனை ஏற்க மறுத்தார். ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர் என அறிவித்தார். நீதி வழங்குவார் என நம்பப்பட்டவரே எதிர்வழக்காடியானார்.

1776 ஜனவரியில் தாமஸ் பெயின் ‘பொது அறிவு’ என்னும் பொருள்படும் சிறுநூலை வெளியிட்டார். ஒரு மன்னரின் குற்றங்களைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், பரம்பரை முடியாட்சி முறையே அறிவுக்கு ஒவ்வாதது என அவர் எளிய நடையில் வாதிட்டார். மெர்சி ஓட்டிஸ் வாரன் என்னும் பெண்மணி அதற்கு முன்னரே அங்கத நாடகங்களால் ஆளுநரைச் சாடியிருந்தார். ஜெபர்சன் வரைந்த சாற்றுரையில் குற்றச்சாட்டுகள் நாடாளுமன்றத்தைப் பெயர் சுட்டாமல் மன்னரையே நோக்கி அமைந்துள்ளமை கருதத்தக்கது. பிறப்பால் அனைவரும் நிகர் என்னும் கொள்கையை அது உலகறியக் கூறியது.

சொல்லின் எல்லை

அச்சொல்லை எழுதியவரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். குடியேற்றங்களின் மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அடிமைகள். அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதியைப் பேரவை நீக்கிவிட்டது. சாற்றுரையோ மண்ணின் பழங்குடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகளாகவே சித்திரித்தது.

இம்முரணைத் தம் வாழ்வால் காட்டியவர் பிலிஸ் வீட்லி என்னும் கவிஞர். 1761இல் ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகப் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர் அவர். அவர்தம் கவிதைகளை அவரே இயற்றினார் என்பதை வெள்ளையர் நம்பவில்லை. எனவே நகரப் பெரியோர் 18 பேர் சான்றளித்துக் கையொப்பமிட்டனர். மன்னரின் ஆளுநர் ஹட்சின்சனும், பின்னாளில் விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்ட ஹான்காக்கும் அவர்களுள் அடங்குவர். மன்னரின் சார்பில் நின்றவரும் எதிர்த்தவரும் அவர் புலமைக்குச் சான்று பகர்ந்தனர். அவர் உரிமைக்கு அந்நாளில் எத்தரப்பும் பொறுப்பேற்கவில்லை. 1773இல் லண்டனில் வெளியான அவர் நூலின் படிகள், தேயிலை ஏற்றிவந்த டார்ட்மத் கப்பலிலேயே பாஸ்டன் வந்து சேர்ந்தன. அவ்வாண்டு விடுதலை பெற்ற அவர், 1775இல் வாஷிங்டனைப் போற்றிப் பாடினார். 1779இல் இரண்டாம் தொகுதிக்கு அறிவிப்பு வெளியிட்டார். போதிய ஆதரவின்மையால் அது வெளிவரவில்லை. 1784இல் வறுமையில் மறைந்தார். அடிமை முறை 1865இல்தான் அரசியற் சட்டத்தால் ஒழிந்தது.

கடலூர்வரை

பிரான்சு அமெரிக்கருக்குத் துணைநின்றதால் போர் கடல்தோறும் பரவியது. பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு 1782இல் ஐதர் அலியின் பெயர் சூட்டப்பட்டது. பிலிப் பிரெனோ என்னும் அமெரிக்கக் கவிஞர் அதன் வெற்றியைப் பாடினார். 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். ஐரோப்பாவில் அமைதி உடன்பாடு ஏற்பட்ட செய்தி அம்மாத இறுதியில் வந்த பின்னரே போர் நின்றது. லெக்சிங்டனில் மூண்ட தீ அணைந்த இறுதிக் களங்களுள் ஒன்று தமிழ் மண் ஆயிற்று. யார்க்டவுனில் 1781இல் சரணடைந்த காரன்வாலிஸ், 1786இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். மேற்கே இழந்த பேரரசு கிழக்கே வேரூன்றியது.

குடியேறியோர் எதிர்த்தது வரியின் அளவை அன்று. தம் வாய்மொழிக்கு இடமில்லாத அவையின் ஆணையை எதிர்த்தனர். அவர்கள் எழுப்பிய அதே வாதத்தை அவர்தம் அடிமைகளும் பின்னர்ப் பல நாட்டு மக்களும் எடுத்தாண்டனர். உரிமைச்சொல் எழுதியவர் எல்லையைக் கடந்து செல்லும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.